சாது குடியிருந்த வாய்

சென்னியப்பனின் பல்செட்டுக்கு அரசாங்கம் போலீஸ் காவல் போட்டிருந்தது. பல்செட் எந்நேரமும் அவர் வாயிலேயே இருந்தபடியால் காவல் அவருக்கும் சேர்த்து என்று ஆகிப்போனது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள், பார்க்க வருகிறவர்களிடம் பற்பசை, வாய் கொப்பளிக்கிற மருந்து, எலுமிச்சை, மஞ்சள் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். ஈரோட்டில் ஒரு வீட்டுக்குள் மஞ்சள் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு போட்டால் ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும்? முதல் மாதம் சிரித்தார்கள். அப்புறம் அந்த வீட்டைக் கடக்கும்போது கும்பிட்டுக்கொண்டு போனார்கள்.

சென்னியப்பன் மாட்டுத் தரகர். நாற்பது வருஷம் சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து, பல்லைப் பார்த்து வயசு சொன்னவர். கடைசியில் அரசாங்கமே வந்து அவர் வாயைப் பிளந்து பார்க்கும்படி ஆனதில் சந்தைக்காரர்களுக்கு ஏகக் கொண்டாட்டம். அவர் மகள் இந்துமதிக்கு மட்டும் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பால் சொசைட்டியில் பால் சோதிக்கிற வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருஷமாக அப்பாவின் வாய்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தாள். அம்மா போனபின் அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

எல்லாம் ஒரு பூஞ்சையால் வந்தது. கேண்டிடா என்று பெயர். எல்லோர் வாயிலும் வயிற்றிலும் தோலிலும் சும்மா கிடக்கிற ஜென்மம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக் குழாய்களிலும் செயற்கை மூட்டுகளிலும் ஒட்டிக்கொண்டால் அதன் குணம் வேறு. வாழைக்கும் திராட்சைக்கும் அடித்த பூஞ்சைக்கொல்லிகளும், டாக்டர்கள் அள்ளிக் கொடுத்த மாத்திரைகளும் சேர்ந்து அதற்கு நல்ல பயிற்சி கொடுத்துவிட்டன. மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. அந்த வருஷங்களில் ஆபரேஷன் என்றால் ஜனங்கள் சொத்தைப் பிரித்து எழுதிவைத்துவிட்டுத்தான் போனார்கள். ஆபரேஷன் நன்றாகவே நடக்கும், குழாய் போட்ட இடத்தில் பூஞ்சை பிடிக்கும், ஆள் திரும்ப மாட்டார்.

ஊருக்கு வெளியே பூஞ்சைக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். அதற்குத் தலைமை டாக்டர் ஜெசிந்தா, நாகர்கோவில்காரி. வாய்ப்புண் என்று வந்த சென்னியப்பனின் பல்செட்டை ஏதோ வழக்கமான சோதனைக்கு எடுத்துப் பார்த்து, அதில் குடியிருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். கண்டுபிடித்த மறுநாளே வீடு தேடி வந்துவிட்டார். இந்துமதி என்ன வேலை பார்க்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு, அங்கிருந்தே ஆரம்பித்தார்.

"பால் கேன் கழுவியிருப்பீங்கல்லா?"

"தெனமுங்க."

"உள்ள வழுவழுன்னு ஒரு படலம் பிடிக்கும். தண்ணி விட்டு அலசினா போகுமா?"

"போவாதுங்க. சோடாவுல ஊற வெச்சுத் தேய்க்கோணும்."

"அதேதான். இந்தப் பூஞ்சை குழாய்க்குள்ள அப்படி ஒரு படலத்தக் கட்டிக்கிட்டு அதுக்குள்ள உக்காந்திருக்கு. மருந்து மேலாக்க ஓடிப் போயிருது. உள்ள போற கொஞ்ச நஞ்சத்தையும் அது வெளிய தள்ளிருது. மனுசன் ஒடம்புக்குள்ள கெடக்க குழாய நாம தேய்க்க முடியாதுல்லா?"

"எங்கப்பா பல்லுல இருக்கறதும் அதே பூஞ்சைதானுங்களே?"

"அதே இனம். ஆனா இது சாது. இதுகிட்டருந்து கசியுற என்னமோ ஒண்ணு மத்ததோட படலத்த இளக்கி விட்டுருது. படலம் இளகிட்டா பழைய மருந்தே போதும்." ஜெசிந்தாவின் வார்டில் அந்த மாதம் பிழைத்தவர்கள் மிகக் குறைவு.

சாது என்ற பெயர் அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தால் சாது சில நாளில் கசிவதை நிறுத்திக்கொண்டது. அதைத் தொட்டு மற்றவர்களின் வாயில் தடவிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. புதுப் பல்செட்டுகளில் தடவிப் பார்த்தார்கள், அதுவும் இல்லை.

"இந்த செட்டையே இன்னொருத்தரு போட்டுப் பாத்தா?" என்று இந்துமதி ஒருநாள் கேட்டாள்.

"ஒருத்தர் எச்சிப் பல்ல இன்னொருத்தர் வாயில வைக்க எந்தக் கமிட்டியும் சம்மதிக்காதும்மா. ஏதாச்சும் ஒட்டிச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?" என்ற ஜெசிந்தா, சென்னியப்பன் பக்கம் திரும்பினார். "ஐயா, இதுக்கு முன்ன வேற யாராச்சும் இத வாயில வெச்சிருக்காங்களா?"

"மாட்டுக் கவுறக்கூட எரவல் குடுக்கறவன் இல்லீங்க நானு. பல்லக் குடுப்பனா?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறமும் பல தடவை, வெவ்வேறு டாக்டர்கள் அதையே கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அதே பதில், அதே சிரிப்பு.

தினமும் காலையில் லேபிலிருந்து ஒரு பெண் வந்து பல்செட்டை வாங்கி, மேலண்ணப் பக்கம் படிந்திருப்பதில் பாதியைச் சின்ன பிரஷ்ஷால் வழித்துக்கொண்டு, மீதியோடு திருப்பிக் கொடுப்பாள். அதிலிருந்து எடுக்கிற மருந்து சில நாள்கூடத் தாங்காது. அதனால் தினமும் வர வேண்டும். தூங்கும்போதும் சென்னியப்பன் செட்டைக் கழற்றக் கூடாது. மிளகாய், மஞ்சள், புளி, வெற்றிலை, சூடான டீ எதுவும் கூடாது. மேலண்ணம் எந்நேரமும் சிவந்து காந்திக்கொண்டே இருந்தது. ஊரையே கூவி அழைத்த மனுஷன், தயிர்ச்சோற்றை உப்பில்லாமல் விழுங்கிக்கொண்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அப்பா இப்படிக் கட்டுத்தறியில் நிற்பதைப் பார்க்க இந்துமதிக்கு வயிறெரிந்தது. ஆனால் வார்டில் ஆட்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள். போகிற வழியில் வந்து சென்னியப்பன் காலில் விழுந்தார்கள். அவர்களிடம் என்ன கோபப்படுவது?

வந்தவர்களில் மாரிசாமி என்று ஒருவன். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவன். அவன் மனைவி பவித்ரா பிரசவத்துக்குப் போன இடத்தில் ரத்தம் நிற்காமல் கழுத்தில் குழாய் போட்டார்கள். பூஞ்சை அதைப் பிடித்துக்கொண்டது. குழாயை எடுத்த பிறகும் இதயத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு விடாமல் இருந்தது. குழந்தை மாரிசாமியின் அம்மாவிடம் வளர்ந்தது. சாது மருந்து ஏற ஏறப் பவித்ராவுக்குக் காய்ச்சல் இறங்கிவந்தது. நடுவில் விட்டால் படலம் முன்னைவிடத் தடிப்பாகக் கட்டும், அப்புறம் எதற்கும் அசையாது என்று சொல்லியிருந்தார்கள். மாரிசாமி தினமும் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து, கான்ஸ்டபிளிடம் காட்டிவிட்டு, சென்னியப்பன் முன்னால் வைத்துவிட்டுப் போவான். அவன் ஒன்றும் கேட்பதில்லை. மோர் மட்டும் உப்பில்லாமல், சரியான குளிர்ச்சியில் இருக்கும்.

அந்த மழைக்காலத்தில் சென்னியப்பனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படியேறும்போது, பிறகு பேசும்போது, பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. மாற்ற வேண்டும் என்றார் இதய டாக்டர்.

ஜெசிந்தா இந்துமதியைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். "ஒளிக்காமச் சொல்லுதேன். வால்வ மாத்தணும்னா அதுக்கு முன்ன வாயில ஒரு துளி சாதுகூட இருக்கக் கூடாது. வாய்ல இருக்கிற வரைக்கும்தான் அது சாது. புது வால்வுல போய் உக்காந்துச்சுன்னா அப்பாவ நாம காப்பாத்த முடியாது. செட்ட மருந்துல போட்டுக் கொல்லணும், வாயையும் கழுவணும். கழுவுனா திரும்ப வராது. செட்ட மட்டும் வெளிய எடுத்து வெச்சாலும் வாயில்லாம அதுல சாது தங்காது."

"மாத்தலீன்னா?"

"மூச்சு முட்டிப் போயிருவாங்க. கொஞ்ச நாள்தான்."

"உங்க மேலிடத்துல என்ன சொல்றாங்க?"

"தள்ளிப் போடச் சொல்லுதாங்க. ஆபரேஷனுக்கு ஒடம்பு தயாராகலன்னு எழுதச் சொல்லுதாங்க. நான் எழுதல." ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா என் வார்டுல பதினெட்டுப் பேர் கெடக்காங்க இந்துமதி. அதையும் சொல்லாம இருக்க முடியல."

சொல்லியிருக்க வேண்டாம் என்று இந்துமதிக்குத் தோன்றியது. பதினெட்டுப் பேரையும் தூக்கித் தன் மடியில் வைத்துவிட்டதாகப் பட்டது. எனக்கு அப்பா வேண்டும், அவ்வளவுதான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுநாள் இதய டாக்டர் வந்தபோது சென்னியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து, அவர் கையின் மேல் போட்டு, தன் கையையும் உள்ளே விட்டார். டாக்டர் திகைத்துப் போனார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். வாங்குகிறவரும் தரகரும் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். பேரத்தில் என்ன நடந்தது என்பதைத் தரகர் செத்தாலும் வெளியில் சொல்லக் கூடாது.

"என்னம்மா பண்றாரு?"

"மூணு விரலப் புடிச்சிருக்காருங்களா?"

"ஆமா."

"மூணு வாரம் கழிச்சு ஆபரேசன் வெச்சுக்கலாங்கறார். பவித்ராவுக்கு மருந்து முடிய அவ்வளவு ஆகும்." சொல்லிவிட்டு இந்துமதி துண்டைப் பிடுங்கி எறிந்தாள். "உங்க உசுரென்ன மாடுங்களா, வெல பேசறதுக்கு?"

"பேரத்துக்கு நடுவால துண்ட எடுக்கப்படாது அம்மிணி," என்றார் சென்னியப்பன், மூச்சு வாங்கிக்கொண்டே. "அந்தப் புள்ளைக்கு முடிஞ்சுரட்டும். அந்தப் பையன் மோர் குடுத்தே என்னைக் கட்டிப்போட்டுட்டான்."

மூன்று வாரமெல்லாம் உடம்பு கொடுக்கவில்லை. அந்த வாரக் கடைசியிலேயே, சாப்பிட உட்கார்ந்தவர் தட்டின் மேல் சாய்ந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு எல்லாம் தயாராயிற்று. வாய்தான் பாக்கி. செட்டில் இருக்கும் சாதுவைக் கொல்கிற திரவத்தை ஒரு பாத்திரத்தில் ஊற்றிவைத்துக்கொண்டு நர்ஸுகள் நின்றார்கள். ஒருத்தியும் கையை நீட்டவில்லை. ஒவ்வொருத்திக்கும் வார்டில் ஒரு முகம் இருந்தது.

இந்துமதி அப்பாவின் வாய்க்குள் விரல்விட்டுச் செட்டைக் கழற்றினாள். இரண்டு வருஷமாகத் தினமும் கையில் வாங்கியது. மேல்வரிசை முன்பல்லின் ஓரத்தில் ஒரு சின்ன ஒடிசல். எப்போதோ துவைக்கிற கல்லில் விழுந்து ஒடிந்தது. அதை ஒருதரம் விரலால் தடவிவிட்டுத் திரவத்தில் போட்டாள். சின்னதாக நுரை வந்தது. அவ்வளவுதான்.

திரும்பினால் வராண்டாவில் மாரிசாமி நின்றுகொண்டிருந்தான். கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தான். கையில் சொம்பு இருந்தது. அவன் ஏதாவது திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "அப்பாவுக்கு நல்லாயிருமுங்கக்கா," என்று மட்டும் சொன்னான்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்து இந்துமதி போனில் அப்பாவின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அப்பா பல் தெரியச் சிரிக்கிற படம் ஒன்று வேண்டும். எதற்கு என்று தன்னிடம்கூட அவள் சொல்லிக்கொள்ளவில்லை. பல்செட் கட்டிய புதிதில் சென்னியப்பன் எந்தப் படத்திலும் சிரிக்காமல் விட்டதில்லை. கோயிலில், சந்தையில், அடுத்த வீட்டு எருமைக் கன்றோடு, எல்லாவற்றிலும் பல். ஒன்றே ஒன்றில் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராக்கியண்ணன் வீட்டுக் கல்யாணம், மூன்று வருஷத்துக்கு முந்தியது.

ராக்கியண்ணனும் மாட்டுத் தரகர்தான். இருவரும் ஒரே இலையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணத்திலேயே ஏதோ மனஸ்தாபம், அதனால்தான் படத்தில்கூட சென்னியப்பன் உம்மென்று இருக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் ராக்கியண்ணன், மகன் கல்யாணத்தில், வாயெல்லாம் பல்லாக நின்றார். இந்துமதி படத்தை விரலால் பெரிதாக்கினாள். மேல்வரிசை முன்பல்லின் ஓரத்தில் ஒரு சின்ன ஒடிசல்.

ராக்கியண்ணனுக்கு அப்போது செட் செய்யக் கொடுத்திருந்தார்கள், கல்யாணத்துக்குள் வந்துசேரவில்லை என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. எத்தனை ஒறம்பரை, சொந்தபந்தம் கூடும் நாள். ஊரில் உள்ள மாட்டுக்கெல்லாம் பல் பார்த்தவர் பொக்கை வாயோடு எப்படி நிற்பார்? அப்பா கழற்றிக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். வாங்கிப் போட்டவர் அந்த வெட்கத்தில் அதற்கப்புறம் முகத்தில் விழிக்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை சாது அவர் வாயில் இருந்திருக்கிறது, அங்கேயே ஒட்டிக்கொண்டு பின்னால் வந்த அவர் செட்டிலும் ஏறியிருக்கலாம். எந்தக் கமிட்டியும் சம்மதிக்காத சோதனையை இரண்டு கிழவர்கள் ஒரு கல்யாணத்துக்காகச் செய்து முடித்திருந்தார்கள்.

அப்பாவின் நெஞ்சைத் தைத்து வெளியே கொண்டுவந்தார்கள். கண் விழிக்க நேரமாகும், ஆனால் ஆபத்து இல்லை என்றார்கள். லேபில் மீதியிருந்த சாது மருந்து பவித்ராவுக்கு இன்னும் ஒரு வேளைக்குத்தான் வரும். அன்று சந்தை நாள். இந்துமதி வீட்டுக்குப் போய் அப்பாவின் துண்டை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

ராக்கியண்ணன் வேப்பமரத்தடியில் மற்ற தரகர்களோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாமா, ஒரு உருப்படி இருக்குதுங்க. வெல பேசோணும்."

தரகர்கள் விலகி இடம் விட்டார்கள். அப்பன் ஆஸ்பத்திரியில் கிடக்க மகள் மாட்டை விற்க வந்திருக்கிறாள் என்று அவர்களுக்குப் பரிதாபம். இந்துமதி பக்கத்தில் உட்கார்ந்து துண்டை விரித்துக் கையை நீட்டினாள். துண்டைக் கண்டதும் பழக்க தோஷத்தில் ராக்கியண்ணனின் கை உள்ளே வந்துவிட்டது.

"அன்னிக்கு முன்பல்லோட ஓரம் ஒதட்டுல குத்தலீங்களா மாமா?" என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தரகர் முகம் அப்படித்தான் இருக்கும். துண்டுக்குள் அவர் விரல்கள் மட்டும் விறைத்துக்கொண்டன.

"உன்ற அப்பன் சொன்னானா?"

"அவருக்கு நெஞ்சத் தொறந்து தச்சுப் போட்டிருக்காங்க. அவரு சொல்லவும் மாட்டாருங்க. உங்களுக்கே தெரியும்."

ராக்கியண்ணன் எதிரே நின்ற காளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வாய் எரியுதுங்களா மாமா?"

"மூணு வருசமா எரியுது," என்றார் அவர். "டாக்டர்கிட்டக் காட்டலாமுன்னா, செட்டக் கேப்பானுங்க. கேட்டா எல்லாம் வெளிய வரும்."

"ஒரு புள்ள சாகக் கெடக்குதுங்க. பொறந்த கொழந்தைய அது இன்னும் மடியில வெச்சுப் பாக்கல. உங்க பேரு நான் சொல்ல மாட்டேன். சத்தியமுங்க."

ராக்கியண்ணன் கையை இழுத்துக்கொண்டார். எழுந்து போகப் போகிறார் என்றுதான் நினைத்தாள். தொண்டையில் சளி சேர்ந்தவர் மாதிரி இருமினார். தன் துண்டால் வாயைப் பொத்தித் துடைத்தார். பிறகு அந்தக் கையை மறுபடியும் அவள் துண்டுக்குள் விட்டார். ஈரமும் சூடுமாக ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

"காயறதுக்குள்ள கொண்டாந்துரு அம்மிணி," என்றார், காற்றாகப் போன குரலில். "சந்த கலையுமுன்ன வேணும்."

சுற்றி நின்றவர்கள் பேரம் படிந்ததா என்று கேட்டார்கள். இந்துமதி தலையாட்டினாள். செட்டைத் துண்டோடு பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தாள்.

லேபில் ஜெசிந்தா அதை வழித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார். தள்ளிப்போய் நின்றார். திரும்ப வந்து பார்த்தார்.

"சாதுதான். இன்னும் நல்லாவே கசியுது." இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். "இது யாரோடது?"

"எனக்குத் தெரியாதுங்க."

"இந்துமதி."

"தரகுக்காரங்க ஆளச் சொல்ல மாட்டாங்க டாக்டர். தெனமும் காலையில நான் கொண்டாரேன், பாதி வழிச்சுட்டுக் குடுங்க. அந்த வாசல்ல ஒரு போலீஸு நாற்காலி வந்துச்சுன்னா அதோட முடிஞ்சுதுங்க. நான் எங்கப்பாவப் பாத்தவ."

ஜெசிந்தா அந்தச் செட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "செட்டையே போட்டாத்தான் ஒட்டும், இல்லையா?" என்றார். "தடவுனா ஒட்டாது. நாள் முழுக்க வாயில கெடக்கணும். அப்போ ஒருத்தர்ட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போகும். பத்துப் பேருக்குப் போகும். மனசு வெச்சு வாரவங்க ஆளுக்குக் கொஞ்ச நாள் சுமந்தாப் போதும். ஒரே ஆளக் கட்டிப் போட வேண்டியதே இல்ல." அப்புறம் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "ஐயா ரெண்டு வருசமா இப்படிக் கெடந்திருக்க வேண்டியதே இல்ல."

கமிட்டிக்கு என்ன சொல்வது என்பதை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மேலிடம் பெயரைக் கேட்டது, ஆள் அனுப்பியது, மிரட்டியும் பார்த்தது. ஜெசிந்தாவுக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தி சொல்லவில்லை. பவித்ராவுக்கும் வார்டில் மற்றவர்களுக்கும் மருந்து ஒருவேளையும் தவறவில்லை.

சென்னியப்பன் பேசுகிற நிலைக்கு வந்தபோது முதலில் அதைத்தான் கேட்டார். பல்லில்லாத வாயில் வார்த்தை குழைந்து வந்தது.

"அந்தப் புள்ள?"

"உக்காந்து சாப்படறாளுங்க. கொழந்தையக் கொண்டாந்து காட்டினாங்க."

"மருந்து?"

இந்துமதி போனை எடுத்து அந்தக் கல்யாணப் படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அவனா சொன்னான்?"

"யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. நானாப் பாத்தேன். அவருக்கும் ஒட்டியிருக்குதுங்கப்பா."

"தெரியும்."

அவளுக்குப் புரியவில்லை. "என்ன தெரியுமுங்க?"

"சந்தையில இருந்து வாரவனுக சொல்லுவானுக. ராக்கியண்ணன் மொளகாயத் தொடறதில்ல, தண்ணிப் பாட்டுல இல்லாம ஒக்கார்றதில்லன்னு. டாக்டரம்மா மொதல் தடவ கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

இந்துமதி எழுந்து நின்றுவிட்டாள். "தெரிஞ்சேதான் ரெண்டு வருசம் வாய் வெந்து கெடந்தீங்களா? உங்க உசுரு போறப்பவும் சொல்லலீங்களே. நீங்க போனாப் போறீங்க, அந்தப் புள்ள போயிருந்தா? அவ கொழந்தைக்கு என்ன பதில் சொல்லியிருப்பீங்க?"

"வாக்குக் குடுத்திருந்தேன் அம்மிணி. மொகூர்த்தத்தன்னிக்கு அவன் என்ற கையப் புடிச்சு அழுதான். யாருக்கும் தெரியப்படாதுன்னான்."

"நான் கேட்டது அதில்லீங்க."

சென்னியப்பனின் உதடுகள் உள்ளே மடிந்து கிடந்தன. கண்ணோரம் வழிந்ததை அவராலேயே துடைத்துக்கொள்ள முடியவில்லை, கையெல்லாம் ஊசி. இந்துமதிக்கு ஆத்திரம் முழுசாக ஆறவில்லை. ஆனாலும் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

மாரிசாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மோர்ச் சொம்பை வைத்துவிட்டுப் போனான்.

"ராக்கியண்ணனுக்கு இன்னும் வாய் எரியுதாமா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"எரியுதுங்களாம்."

"எரியட்டும். மூணு வருசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனானல்ல." சொல்லிவிட்டு மூச்சைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். "காலையில செட்டுத் திருப்பிக் குடுக்கறப்ப, அந்தப் பையன் மோர்ல ஒரு சொம்பு கொண்டு போய்க் குடு. உப்புப் போடாததா இருக்கோணும். கொஞ்சம் வாயில வெச்சிருந்து முழுங்கச் சொல்லு. எரிச்சல் அடங்கும்."